கண்ணோரத்து மடிப்பு

அத்தியாயம் 17

சாரா சொன்ன அந்த ஒரு வார்த்தை வெள்ளிக்கிழமையிலிருந்து வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அடுப்படிக்குப் போனால் அங்கே நின்றது. தொட்டில் பக்கம் வந்தால் தொட்டிலோடு சேர்ந்து ஆடியது.

"கொயந்த பார்வ சரியில்ல. பக்கத்துல பாக்கசொல்ல ஒரு கண்ணு மூக்குல போய் ஒட்டிகினு கீது. மாறுகண்ணா இருக்குமோ?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் மாவி காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். ஆனால் நாத்தனார் சாரா பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு நூல் தீர்ந்துபோனால், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கிற வேலை. ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று இடம் மாறி உட்கார்ந்தால்கூட அவளுக்குத் தெரிந்துவிடும். ஆரணியில் பட்டுத் தறி வைத்திருப்பவர்கள் அவளுக்காகக் காத்திருந்து வேலை கொடுப்பார்கள். அந்தக் கண் சொல்கிறது, குழந்தையின் கண் கோணல் என்று.

மாவி தன் ஊரைவிட்டு வந்து நான்கு வருடம் ஆகிறது. லால்ரின்மாவி என்பது முழுப்பெயர். மிசோரம் மலையிலிருந்து செய்யாறு ஷூ கம்பெனிக்குத் தையல் வேலைக்கு வந்தவள். அதே கம்பெனியில் சூப்பர்வைசர் யோவான். கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்த பேச்சு கொசப்பாளையத்துச் சர்ச்சில் கல்யாணமாக முடிந்தது. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தானே வளர்த்து, தனக்கென்று ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இருந்துவிட்ட சாரா, ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒருநாள் மாவியைக் கூப்பிட்டு ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கையில் உருட்டிக் காட்டினாள். அத்தோடு அந்தப் பக்கம் தீர்ந்தது.

தீராதது மாவியின் அம்மா பக்கம்தான்.

கல்யாணச் செய்தி சொன்ன அன்று அம்மா போனில் சத்தம் போடவில்லை. நிதானமாகவே கேட்டாள். "உனக்குப் பிறக்கிற குழந்தை நம்ம முகத்தோட பிறக்காது. அப்புறம் அவ்வளவு தூரம் நான் யாரைப் பார்க்க வரணும்?"

அதற்கு மாவியிடம் அன்று பதில் இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் பதில் பிறந்தது.

அபி பிறந்ததும் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தியபோது மாவி முதலில் பார்த்தது கண்ணைத்தான். கோடு விழாத வழவழப்பான மேலிமை. மூக்கோரம் வந்து கீழே சரிந்து, கண்ணின் உள்மூலையை ஒரு சின்னத் திரைபோல மூடியிருக்கும் தோல் மடிப்பு. நிறம் யோவான். முடி யோவான். கோபித்துக்கொண்டால் உதட்டைப் பிதுக்குவது அப்படியே சாரா. கண் மட்டும் மலையிலிருந்து வந்தது.

அம்மா குழந்தையைக் காட்டு என்று இதுவரை கேட்கவில்லை. மாவியும் காட்டவில்லை. பிறந்த செய்தியைத் தங்கைக்கு எழுதியதோடு சரி. அவளே கேட்கட்டும், அப்போது காட்டுவோம் என்று அந்தக் கண்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். இப்போது அதில்தான் சாரா குற்றம் கண்டுபிடித்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை. யோவானுக்கு மதிய ஷிப்ட். அதற்குள் கண் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று முடிவாகியிருந்தது.

சாரா மைச்சிமிழோடு வந்து தொட்டிலருகே உட்கார்ந்தாள்.

"டாக்டர்கிட்ட போறோம் அண்ணி. மை எதுக்கு?" என்றாள் மாவி.

"டாக்டரும் மனுசிதான. கொயந்த லட்சணமா இருந்தா நல்லதா நாலு வார்த்த வாயில வரும்."

குளியலறையிலிருந்து யோவான் குரல் கொடுத்தான். "அக்கா, நீ வெக்கிற மைய அவங்க தொடச்சிட்டுதான் பாப்பாங்க."

"நீ தலைய தொவட்டு. ஷூவுக்குப் பசை தடவறவன் கண்ணப் பத்திப் பேச வந்துட்டான்."

அபி அத்தையின் விரலைப் பிடித்து வாய்க்கு இழுத்தாள். சாரா சிரித்துக்கொண்டே இடது கையால் அந்தப் பிடியை விடுவித்து, வலது கையால் மையை இழுத்தாள். நடுங்காத கை. ஒரே இழுப்பு.

அவள் எழுந்து போன பிறகுதான் மாவி கவனித்தாள். மைக்கோடு கண்ணோடு நிற்கவில்லை. மடிப்பைத் தாண்டி மூக்குப் பக்கம் நீண்டு கூராக முடிந்திருந்தது. தோலுக்கு அடியில் மறைந்திருந்த கண்மூலையைச் சாரா மையால் வரைந்து வெளியே கொண்டுவந்திருந்தாள்.

அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் வேறு யாருடைய குழந்தையோபோல இருந்தது.

ஆட்டோவில் யோவான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பின்னால் மாவி, மடியில் அபி, பக்கத்தில் சாரா. தெருவில் சாயம் தோய்த்த பட்டு நூல் கற்றைகளை மூங்கிலில் வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். அரக்கு, மயில் பச்சை, மாம்பழ மஞ்சள். ஆட்டோ கடந்து போகும்போது ஒவ்வொரு நிறமும் குழந்தையின் முகத்தில் விழுந்து விழுந்து போயிற்று. அபி கண்ணைச் சுருக்கினாள். மஞ்சளில் சுருக்கி, பச்சையில் திறந்தாள்.

மாவிக்கு ஊர் ஞாபகம் வந்தது. காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கும். எதிர் மலையின் முதுகு மட்டும் தெரியும். மேகம் கலையட்டும் என்று யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். அதற்குள்ளேயே நடந்து பள்ளிக்கூடம் போவார்கள். முன்னால் போகிறவளின் பை மட்டும் தெரியும். பேச்சுச் சத்தம் எங்கிருந்தோ வரும். அந்த வெண்மைக்குள் அபியை முதுகில் கட்டிக்கொண்டு தான் நடந்து போவதாக நினைத்துப் பார்த்தாள். யாரோ எதிரில் வருகிறார்கள். நின்று குழந்தையின் முகத்தைப் பார்க்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமலே தெரிந்துகொண்டு தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

"இன்னாமா, தூங்கறியா?" என்றாள் சாரா.

"இல்ல அண்ணி. முயிச்சிகினுதான் கீறேன்."

டிரைவர் சட்டென்று கண்ணாடியில் பார்த்தார். இந்த முகத்திலிருந்து இந்தப் பேச்சு வருவதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்காதவர்கள் ஆரணியில் குறைவு. மாவிக்கு அது பழகிப்போயிருந்தது. துப்பட்டா நுனியை எச்சிலில் தொட்டு, சாரா வேறு பக்கம் பார்த்த நேரத்தில், குழந்தையின் மூக்கோரத்து மையைத் துடைத்தாள்.

டாக்டர் சுபத்ராவின் கிளினிக் பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் இருந்தது. நரைத்த தலை, பருத்திப் புடவை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் சின்ன டார்ச். குழந்தையை மாவியின் மடியிலேயே வைத்துப் பார்த்தார்.

"யார் முதல்ல கவனிச்சது?"

"நான்தாங்க," என்று சாரா நாற்காலியில் நிமிர்ந்தாள். "நமக்கு இழை பாக்கற கண்ணுங்க. கோணலா இருந்தா தெரிஞ்சிடும்."

"எந்தக் கண்ணு?"

"அதான் சொல்றேனே. இப்பிடிப் பாத்தா இந்தக் கண்ணு. அப்பிடிப் பாத்தா அந்தக் கண்ணு."

டாக்டர் சிரிக்காமல் டார்ச்சை அடித்தார். அபி அழவில்லை. வெளிச்சத்தையே பார்த்தாள், மின்மினிப் பூச்சியைப் பார்ப்பதுபோல. டாக்டர் ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். பொம்மை ஒன்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். அந்த நேரம் முழுக்க மாவி மூச்சை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணில் கோளாறு என்று ஆகிவிட்டால், அம்மாவுக்குக் காட்டப்போவது அதைத்தானா?

"இங்க வாங்க," என்று டாக்டர் சாராவைக் கூப்பிட்டார். "இழை பாக்கற கண்ணுதானே. கருவிழி நடுவுல ரெண்டு வெளிச்சப் புள்ளி தெரியுதா? ரெண்டும் ஒரே இடத்துல இருக்கா பாருங்க."

சாரா குனிந்தாள். நிறைய நேரம் பார்த்தாள். "ஒரே எடத்துலதான் கீது," என்றாள் மெதுவாக.

"அப்ப மாறுகண் இல்ல. ரெண்டு கண்ணும் நேராத்தான் பாக்குது." டாக்டர் விரல் நுனியால் குழந்தையின் மூக்குத்தண்டுத் தோலை லேசாகக் கிள்ளிப் பிடித்தார். இரண்டு பக்கமும் மடிப்பு விலகி, உள்மூலையின் வெள்ளை வெளியே வந்தது. அபி ஒரு கணம் வேறு முகமானாள். "வெள்ளை விழி ரெண்டு பக்கமும் தெரியணும்னு நாம எதிர்பாக்கறோம். மூக்குப் பக்கத்து வெள்ளையை இந்த மடிப்பு மூடிடுது. அதனால கண்ணு உள்ள போன மாதிரி தோணுது. நிறைய பேர் இப்படி பயந்துபோய் வருவாங்க."

விரலை எடுத்தார். மடிப்பு திரும்ப வந்து உட்கார்ந்தது. அபியும் திரும்ப வந்தாள்.

மாவிக்கு மூச்சு வந்தது.

"இது இப்பிடியே இருந்துடுமா டாக்டர்?" என்றாள் சாரா.

"பொறக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் மூக்குத்தண்டு தாழ்ந்துதான் இருக்கும். அதனால நம்ம ஊர்க் குழந்தைங்களுக்கும் இந்த மடிப்பு கொஞ்ச நாள் இருக்கறது உண்டு. வளர வளர மூக்கு எழும்பும். எழும்பும்போது தோலை இழுத்துக்கும். மடிப்பு பிரிஞ்சு போயிடும்." டாக்டர் மாவியைப் பார்த்தார். "உங்க பக்கத்துல பெரியவங்க ஆனாலும் இருக்கும் இல்லையா? இவளுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. போகலாம். பாதி நிக்கலாம். மேலிமையில கோடு விழறது தனிக் கதை. சில குழந்தைக்கு ஒரு கண்ணுல முதல்ல விழும். மறு கண்ணுக்கு மாசக்கணக்குல ஆகும், வருஷமும் ஆகும்."

"அப்ப இது யாரோட கண்ணு?" மாவிக்கே தன் குரல் வித்தியாசமாகக் கேட்டது.

"இப்ப சொல்ல முடியாதும்மா. மூக்கு, நிறம் மாதிரிதான் இதுவும். ஒண்ணு ரெண்டு இல்ல, அம்மா வழியிலயும் அப்பா வழியிலயும் பல சங்கதி சேர்ந்து வருது. எது எப்ப தலைகாட்டும்னு யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இப்ப தெரியறது குழந்தைங்கறதால இருக்கற மடிப்பா, உங்க வழில வந்ததாங்கறது ஆறேழு வயசுலதான் தெரியும்."

அதுவரை சுவரோரம் நின்றிருந்த யோவான் ஓரடி முன்னால் வந்தான்.

"அது போகாம, இப்பிடியே இருக்கறதுக்கு ஏதாவது வழி இருக்குங்களா டாக்டர்?"

சாரா அவனைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார்.

"போக வைக்க வழி கேட்டு வருவாங்க," என்றார் டாக்டர். "நிக்க வைக்க வழி கேட்டு இப்பத்தான் ஒருத்தர் வர்றீங்க. ரெண்டுக்கும் வழி இல்ல தம்பி. வளரட்டும். ஒரு வயசுல ஒருதரம் கூட்டிட்டு வாங்க. நடுவுல நிஜமாவே ஒரு கண்ணு விலகுற மாதிரி இருந்தா உடனே வாங்க."

வெளியே வெயில் ஏறியிருந்தது. சாரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் நடையில் பாரம் இறங்கியிருந்தது.

"எத்தினி பேஜார் பண்ணிட்டேன் பாரு மூணு நாளா. இப்பத்தான் ஞாபகம் வருது. யோவானு, நீயும் கைக்கொயந்தைல இப்பிடித்தான்டா கீந்த. மூக்கே இருக்காது உனக்கு. ரெண்டு ஓட்டதான் இருக்கும்."

"யாரு, நானா?"

"பின்ன? போட்டோ எடுக்கல, அதான் தெரியல உனக்கு. அபி கண்ணு நம்ம வூட்டுக் கண்ணுதான். நம்ம அம்மாவே உன்னப் பாத்துட்டு, இன்னாடி கண்ணு மூடிகினே கீதுன்னு கேக்கும்."

மாவி பின்னால் வந்துகொண்டிருந்தாள். மூன்று நாளாகக் குறை என்று இருந்தபோது அது அவளுடையதாக இருந்தது. குறை இல்லை என்று தெரிந்த அரை மணியில் சாராவின் வீட்டுக்குப் போய்விட்டது. கோபப்படவும் முடியவில்லை. டாக்டரே தெரியாது என்றுதானே சொன்னார்.

கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் யோவான் பின்தங்கி அவள் பக்கத்தில் வந்தான்.

"ஏன் ஒரு மாதிரி கீற? நல்ல சேதிதான சொன்னாங்க."

"நல்ல சேதிதான்."

"உங்கம்மாவுக்குக் காட்டிடு மாவி. இன்னும் எதுக்கு அவங்க கேக்கணும், இவங்க கேக்கணும்னு வெச்சிகினு கீற?"

"கேக்காதவங்களுக்கு எப்பிடி காட்றது?"

"நான் டாக்டர்கிட்ட கேக்கல? கேட்டா சிரிப்பாங்கன்னு தெரியும். கேட்டேன்ல." பஸ் வந்துவிட்டது. அவன் ஏறிக்கொண்டே குழந்தையின் பாதத்தைப் பிடித்து ஆட்டினான். "அது இருக்கணும்னு எனக்கும் ஆசதான். உன்ன பஸ்ல மொதல்ல பாத்தப்ப அதத்தான் பாத்தேன்."

சாப்பாட்டுக்குப் பின் மாவி குழந்தையோடு பாயில் சாய்ந்தாள். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஒரே சீராக வந்து வந்து, கொஞ்ச நேரத்தில் சத்தமாக இல்லாமல் போயிற்று. மழைபோல ஆகிவிட்டது. அவள் ஊர்த் தகரக் கூரையில் பெய்யும் மழை.

அபி தூங்கினாள். முழுதாக மூடாத இமைக்கடியில் கருவிழி அங்குமிங்கும் நகர்ந்தது. எதைப் பார்க்கிறாள்? மாவி கண் சொருகி, அந்த இமைக்குள்ளேயே இறங்கிப் போனாள். உள்ளே அபி பெரியவளாக இருந்தாள். பத்து வயசு, ஆரணிப் பள்ளிக்கூடத்துச் சீருடை. திரும்பினாள். மூக்கு நீண்டு, கண் அகன்று, யோவானைப்போல ஒரு பெண். மாவி கையை நீட்டினாள். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டாள், நீங்க யாரு ஆன்ட்டி, எந்த ஊரு?

விழித்தபோது பாயில் குழந்தை இல்லை.

பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சாரா காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்மேல் போட்டிருந்தாள். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம், வெந்நீர்ச் சொம்பு. எண்ணெய் தொட்ட கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அபியின் மூக்குத்தண்டைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தன. இழுத்துவிட்டுத் திரும்பப் பிடித்தன. அபி சிணுங்கினாள்.

"அண்ணி, வேணாம்."

"தூங்கறியேன்னு எழுப்பல. டாக்டரு சொன்னாங்கல்ல, மூக்கு எழும்புனா மடிப்பு போய்டும்னு. தெனம் நாலு தபா உருவி வுட்டா ஜல்தியா எழும்பும். எங்கூட்ல எல்லாருக்கும் உருவினதுதான்."

"உருவினா எழும்பும்னு டாக்டர் சொல்லல. தானா எழும்பும்னு சொன்னாங்க. எழும்பட்டும்."

"எப்ப? பள்ளிக்கூடம் போனப்பறமா?" சாரா விரலை எடுக்கவில்லை. "உன்ன பஸ் ஸ்டாண்டுல இன்னா சொல்லிக் கூப்புட்றானுங்கன்னு எனக்குத் தெரியாதா? நீ காதுல வாங்காத மாதிரி நடந்து போவ. நான் பின்னாடி வந்துகினு இருப்பேன், எனக்குக் கேக்கும். இதுக்கும் அந்தப் பேரு வெப்பானுங்கடி. அதுக்கு மின்ன போய்ட்டா நல்லதுதான?"

சாராவுக்குக் கேட்டிருக்கும் என்று மாவி ஒருநாளும் நினைத்ததில்லை.

இருந்தும் குனிந்து, சாராவின் விரல்களை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள். குழந்தையைத் தூக்கினாள். எண்ணெய் வழுக்கியது. இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"எனக்கு அந்தப் பேரு சொன்னா பரவால்ல அண்ணி. ஆனா என் மூஞ்சி என் கொயந்தை மேல இருக்கக்கூடாதுன்னு நீங்க உருவாதீங்க."

சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் அவள் இப்படிப் பேசியது இதுவே முதல் தடவை. சாரா எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து கையைக் கழுவப் போனாள்.

மாவி அறைக்கு வந்தாள். குழந்தையைத் துடைத்துச் சட்டை போட்டாள். அந்த வேகத்திலேயே போனை எடுத்தாள். நிதானம் வந்துவிட்டால் செய்ய மாட்டாள் என்று தெரியும்.

அவள் பாஷையில் அம்மாவை நூ என்பார்கள். திரையில் அந்தப் பெயரை அழுத்தினாள். வீடியோ கால். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று முடிவுசெய்த நேரத்தில் திரை அசைந்து, ஒரு சுவர் தெரிந்து, அப்புறம் அம்மாவின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. இங்கே முற்றத்தில் வெயில் மிச்சமிருந்தது. அங்கே அதற்குள் இருட்டி, விளக்குப் போட்டிருந்தார்கள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள் அம்மா. இத்தனை நாள் கழித்து முதல் கேள்வி அது.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல நூ. நீ கேக்கல. நானே காட்டறேன். பாரு." மாவி குழந்தையைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள்.

அபி திரையில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, கையை நீட்டினாள்.

"இன்னும் கிட்டக் கொண்டு வா. உன் விரல் மறைக்குது," என்றாள் அம்மா.

மாவி விரலை எடுத்தாள். பேச்சு கொட்டியது. டாக்டர் சொன்னது, மூக்கு வளர்வது, மடிப்பு பிரிவது, போகலாம் பாதி நிற்கலாம் என்றது, எல்லாம் தலைகீழாகவும் நேராகவும் வந்தது. "அப்புறம் இருக்குமோ இருக்காதோ. இப்ப இருக்கு. என் கண்ணு இப்ப இருக்கு நூ."

அம்மா கண்ணாடிக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"இது உன் கண்ணு இல்ல," என்றாள்.

மாவி குழந்தையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்கு மடிப்பு இவ்வளவு இறங்கினது இல்ல. உனக்கு உங்க அப்பா கண்ணு. மூணு வயசுல ஒரு இமையில கோடு விழுந்துச்சு. இன்னொண்ணுக்கு நான் ஒரு வருஷம் பார்த்துக்கிட்டு இருந்தேன். தூக்கம் வந்தா மட்டும் தெரியும், அப்புறம் நின்னுடுச்சு. உனக்கு என்ன தெரியும்?"

"அப்ப இது?"

அம்மா இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றினாள். முகத்தைப் போனுக்கு அருகே கொண்டுவந்தாள். திரை முழுக்க இரண்டு கண்கள். கோடு இல்லாத இமை, மூக்கோரம் வந்து சரிந்து மூலையை மூடிய மடிப்பு. சுருக்கங்களுக்கு நடுவில் அது மட்டும் வழவழவென்று குழந்தையுடையதாகவே இருந்தது. அம்மாவைக் கண்ணாடி இல்லாமல் இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டிருந்தது. பார்த்துப் பார்த்துத் தனது என்று நினைத்துக்கொண்டதை மாவி இப்போது அதன் சொந்தக்காரியிடமே பார்த்தாள்.

பின்னால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சாரா வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. மாவியின் தோளுக்கு மேல் குனிந்தாள். திரையைப் பார்த்தாள். அபியைப் பார்த்தாள். திரும்பத் திரையைப் பார்த்தாள். தறிமுன் உட்கார்ந்து இழை பார்க்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"யோவானு கண்ணு இல்ல," என்றாள் கடைசியில். "ரெண்டாவது தபா தப்பா சொல்லிட்டேன்." பிறகு குரலை உயர்த்தினாள், தூரத்தில் இருப்பவளுக்குத் தமிழ் கேட்கட்டும் என்று. "சம்பந்திம்மா, நல்லா கீறீங்களா? உங்க பேத்திதான். உங்களையே உரிச்சி வெச்சிகினு கீறா."

அம்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் புது முகத்துக்குத் தலையசைத்தாள். அப்புறம் மகளிடம் தன் பாஷையில் சுருக்கமாக ஏதோ சொன்னாள். அதற்குள் படம் உறைந்தது. சத்தம் ஒருமுறை கிறீச்சிட்டது. கால் அறுந்துபோனது.

மாவி திரும்ப அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் சாரா. குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியிருந்தாள். மாவி கொடுத்தாள்.

"கண்ணு மாறிப் போறதுக்கு முன்ன கூட்டிகினு வரச் சொல்றாங்க."

"எங்க? அங்கயா?"

"ம்."

"கொயந்தையவா, உன்னையுமா?"

"ரெண்டு பேரையும்தான் அண்ணி."

சாரா பாயில் உட்கார்ந்தாள். அபி அவள் புடவை நூலைப் பிடித்து இழுத்தாள். எப்போதும் விடுவித்துவிடும் கை இன்று விடுவிக்கவில்லை.

"யோவானு லீவு போட்டுக் கூட வருவான்ல?"

"தெரியல. கேக்கணும்."

"எத்தினி நாளைக்குக் கூப்புட்றாங்க?"

மாவி கையிலிருந்த போனைப் பார்த்தாள். திரை இருண்டு போயிருந்தது.

"அத நான் கேக்கல அண்ணி."

சாரா குழந்தையை மார்போடு சேர்த்து, முகத்தை மட்டும் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். நாளைக்கு யாராவது கேட்டால் அடையாளம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுபோல, மூக்கோரத்து மடிப்பை, ஒரு பக்கமும் பிறகு மறு பக்கமும், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.